காட்டுக்கறி: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தியூர், சத்தியமங்கலம், புளியம்பட்டி வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களிலும் ஆட்டுச் சந்தைகளிலும் பணியாற்றிய கால்நடை மருத்துவன் என்ற முறையில், ஆடு மாடுகளைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் கூடவே முயலையும் உடும்பையும் காட்டுப்பன்றியையும் பற்றிக் கேட்பதைத் தொடர்ந்து கேட்டு வந்திருக்கிறேன். ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

காட்டுக்கறின்னா எதெல்லாமுங்க? முயலும் கவுதாரியும் கூடவா அதுல சேரும்?

சேரும். மான், கடமான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, அலங்கு எனப்படும் எறும்புத்தின்னி, உடும்பு, காட்டு முயல், கவுதாரி, காட்டுக் காடை, மயில், கொக்கு, பழந்தின்னி வௌவால் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். அது காப்புக்காட்டுக்குள் பிடிபட்டதா, நம் மேட்டாங்காட்டு வேலியோரம் பிடிபட்டதா என்பதால் வேறுபாடு எதுவும் இல்லை. பண்ணையில் வளர்க்கும் வெள்ளை முயலும் ஜப்பானியக் காடையும் இந்தக் கணக்கில் வாரா. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தச் சந்தையிலீங்க இதெல்லாம் விக்கறாங்க? நான் பாத்ததே இல்லீங்களே.

ஆட்டுச் சந்தையில் கூவி விற்பதைப்போல யாரும் விற்பதில்லை. கைப்பேசியில் சொல்லி வைத்து வீட்டு வாசலில் வாங்குவது, குளத்தோரச் சாலைகளில் காலைக் கட்டிய பறவைகளைத் தூக்கிக் காட்டி விற்பது, சாராயக் கடையை ஒட்டிய தள்ளுவண்டியில் தெரிந்தவர்களுக்கு மட்டும் தட்டில் வைப்பது என்று இந்த வியாபாரம் மறைவாக நடக்கிறது. கூடாரமும் தராசும் இல்லாவிட்டாலும் விற்பவனும் வாங்குபவனும் விலையும் இருக்கும் இடம் சந்தைதான். மறைவாக நடப்பதால் வரும் கேடு ஒன்று உண்டு: பிடித்தது எங்கே, செத்தது எப்போது, எதனால் செத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் வாங்குபவருக்கு விடை கிடைப்பதே இல்லை.

எங்க தாத்தன் காலத்துல இருந்து தின்னுட்டுத்தான் இருக்கோம். யாருக்கு என்ன ஆயிருச்சு?

அந்தக் காலத்தில் காய்ச்சலில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ‘சுரம் கண்டது, போய்ச் சேர்ந்தார்’ என்பதோடு முடிந்துவிடும். கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் 1957-ல் குரங்குகளும் மனிதர்களும் அடுத்தடுத்து இறந்தபோதுதான் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் என்ற நோய் கண்டறியப்பட்டது. உண்ணிகளால் பரவும் அந்த நோயின் தடயம் பிற்காலத்தில் பந்திப்பூர், வயநாடு, முதுமலைப் பகுதிகளிலும் தெரிய வந்தது. சத்தியமங்கலம் காடு இவற்றோடு தொடர்ந்து கிடக்கும் ஒரே வனப்பரப்பின் பகுதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. தாத்தன் காலத்தில் ஒருவர் ஒரு முயலைப் பிடித்தால் அன்று மாலையே அந்த வீட்டில் வெந்து முடிந்துவிடும். இன்று அதே விலங்கு நாலைந்து கை மாறி, ஐஸ் பெட்டியில் ஏறி, திருப்பூருக்கோ கோவைக்கோ போய்ச் சேர்கிறது. நோய்க்கிருமி ஏதேனும் இருந்தால் அதற்கும் அதே பயணம் கிடைக்கிறது.

நல்லா வேக வெச்சா கிருமி செத்துப் போயிருமல்லீங்க?

நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுதான்; பாதி சரியான எண்ணம் என்பதால் இதை மாற்றுவதும் கடினம். நன்றாக வேகவைத்தால் பெரும்பாலான வைரசுகளும் பாக்டீரியாக்களும் புழுக்களும் அழியும். வேகாத காட்டுப்பன்றி இறைச்சியால் தசைப்புழு நோய் வந்தது உத்தராகண்ட் மலைப்பகுதியிலும், மான், பன்றி இறைச்சியைப் பச்சையாக உண்டதால் ஹெப்படைட்டிஸ் இ என்னும் கல்லீரல் அழற்சி வந்தது ஜப்பானிலும் பதிவாகியிருக்கின்றன. அவற்றையெல்லாம் நல்ல கொதி தடுத்திருக்கும்.

ஆனால் இறைச்சி அடுப்புக்கு வருவதற்குள் செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிப் பாருங்கள். உயிரோடு பிடிக்கிறவர், சாக்கில் போட்டுச் சுமக்கிறவர், தோலை உரிக்கிறவர், குடலை எடுக்கிறவர், வீட்டில் கழுவி அரிகிறவர் என்று இத்தனை பேருடைய கைகளும் சூடான இரத்தத்திலும் சிறுநீரிலும் சாணத்திலும் நனைகின்றன. விரலில் உள்ள சிறு கீறல், கண்ணைத் துடைக்கும் புறங்கை, தோலிலிருந்து ஏறும் உண்ணி, குடல் கிழியும்போது தெறிக்கும் துளி ஆகியவை வழியாகவே புரூசெல்லா என்னும் பாக்டீரியா, எலிக்காய்ச்சல், ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் போன்றவை உடலுக்குள் நுழைகின்றன. கடைசியில் சாப்பிடுகிறவருக்கு உள்ள ஆபத்தைவிட, அரிந்து கொடுத்த பெண்ணுக்கும் உரித்துக் கொடுத்த பையனுக்கும் உள்ள ஆபத்து அதிகம். கொதிக்க வைப்பது அவர்களைக் காப்பாற்றாது.

செத்துக் கெடந்ததத்தான எடுத்தோம், நாங்களா கொன்னோம்? அதுலயுமா தப்பு?

சட்டப்படி தப்பு, காட்டுவிலங்கின் உடலும் இறைச்சியும் அரசின் சொத்து. உடல்நலத்தின் கணக்கில், கொன்று எடுப்பதைவிடச் செத்ததை எடுப்பதே அதிக ஆபத்து, ஏனென்றால் அந்த விலங்கு எதனாலோ செத்திருக்கிறது.

அடைப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். நம் ஆட்டுக்காரர்களுக்கு இது புதிய பெயர் அன்று. 2021-ல் கோவை ஆனைகட்டிப் பக்கத்துக் காட்டில் ஒரு யானையும், 2022-ல் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகளும் இதனால் இறந்தன. அடைப்பான் சந்தேகம் இருந்தால் நாங்கள் அந்த உடலை அறுத்துப் பார்ப்பதே கிடையாது. உடலைத் திறந்தவுடன் காற்றுப் பட்டு அந்தக் கிருமி வித்துகளாக மாறிவிடும். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவேதான் முழு உடலாகவே எரிப்பது, அல்லது சுண்ணாம்பு கொட்டி ஆழப் புதைப்பது என்பது முறை. முந்தைய விடையில் சொன்ன நல்ல கொதியை இந்த வித்துகளிடம் நம்பி இருக்க முடியாது. அத்தகைய உடலை உங்கள் களத்து மேட்டில் வெட்டினால், அங்கே மேயும் உங்கள் ஆடுகளுக்கு அடுத்த மழைக்காலத்தில் நோய் வரலாம்.

நஞ்சும் ஒரு காரணம். விதைத்த சோளத்தையும் கடலையையும் காக்கக் குருணைப் பூச்சிமருந்து கலந்த தானியத்தை வைக்கிறார்கள். அதைத் தின்ற மயிலும் கவுதாரியும் வரப்போரம் சுருண்டு கிடக்கின்றன. அந்த மருந்து கொதியில் போய்விடும் என்று எண்ணுவது பேராபத்து. செத்துக் கிடக்கும் குரங்கை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்: அதன் மேலிருந்து இறங்கும் உண்ணிகள்தாம் கியாசனூர் காய்ச்சலைக் கொண்டு வருகின்றன.

உடும்பு ரத்தம் பச்சையா குடிச்சா இடுப்பு வலி போயிருமுன்னு சொல்றாங்களே?

போகாது. இடுப்புவலியோ நரம்புத்தளர்ச்சியோ உடும்பு இரத்தத்தால் தீர்ந்ததற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் பச்சையாக உண்டவர்களுக்கு வந்த நோய்க்குத் தெளிவான ஆதாரம் இருக்கிறது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தைகளில் வளர்கிறது. நத்தையைத் தின்னும் உடும்பின் உடலில் அது தங்குகிறது. அந்த உடும்பின் பச்சை ஈரலையோ இறைச்சியையோ உண்பவரின் மூளை உறைக்கு அது போய்ச் சேர்கிறது. கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி ஆகியவற்றோடு வந்தவர்களை விசாரித்தபோது பச்சை உடும்பு உண்டது தெரியவந்த நிகழ்வுகள் கேரள மருத்துவமனைகளில் பதிவாகியுள்ளன. வலி போக வேண்டும் என்று குடித்தவர்கள் மூளை அழற்சியோடு படுத்தார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் உடும்பு முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே வரிசையில் இருக்கிறது.

கொழந்தைக்கு இளைப்பு இருக்குதுங்க. வௌவால் கறி குடுத்தா சரியாகுமுன்னு பெரியவங்க சொல்றாங்க…

கொடுக்காதீர்கள். இளைப்புக்கு இன்ஹேலர் எனப்படும் உறிஞ்சு மருந்து உட்பட நல்ல சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. வௌவால் கறியை நம்பி அதைத் தள்ளிப்போடுவதுதான் குழந்தைக்கு முதல் தீங்கு.

இரண்டாவது தீங்கு நிபா என்னும் வைரசு நோய். 1998-99-ல் மலேசியாவில் பழந்தின்னி வௌவாலிடமிருந்து வளர்ப்புப் பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது பரவியது. 2018-ல் நமக்கு மிக அருகிலுள்ள கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகும் கேரளத்தில் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. நோய் கண்டவர்களில் 40 முதல் 75 விழுக்காட்டினர் வரை இறக்கும் கொடிய நோய் இது. இறைச்சியை உண்டதால் வந்தது என்பதைவிட, வௌவாலின் எச்சிலும் சிறுநீரும் பட்டதால் வருவதே பெரும்பான்மை. அப்படியானால், அதை வலையில் பிடித்துக் கையால் உரிப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக ஊரில் தொங்கும் வௌவால்களை விரட்டவோ மரத்தை வெட்டவோ தேவையில்லை. விரட்டினால் அவை நெருக்கடிக்கு உள்ளாகி இன்னும் அதிகமாகக் கிருமியை வெளியேற்றக்கூடும். அவை கடித்துப் போட்ட பழத்தை உண்ணாமல் இருந்தால் போதும். நம் இலுப்பை மரங்களின் விதையைத் தொலைவுக்குக் கொண்டு சென்று போடுவதும் இந்த வௌவால்கள்தாம்.

அப்ப ஆட்டுலயும் கோழியிலயும் நோய் இல்லீங்களா? அதை மட்டும் திங்கலாமா?

நியாயமான கேள்வி. ஆட்டில் புரூசெல்லாவும் அடைப்பானும் உண்டு. கோழியில் பறவைக் காய்ச்சல் உண்டு. வேறுபாடு என்னவென்றால், அந்த நோய்களை நாங்கள் அறிவோம், பலவற்றுக்குத் தடுப்பூசி போடுகிறோம், நோய் கண்ட பண்ணையை அடைக்கிறோம். நகராட்சி அறுவைக்கூடத்தில் ஆட்டை அறுப்பதற்கு முன்பும் பின்பும் பார்த்து முத்திரை வைக்கும் முறை இருக்கிறது. அந்த முறை எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காட்டுக்கறியில் அப்படிக் கேட்பதற்கே ஆள் இல்லை.

ஒருத்தன் ஒரு மொசலப் புடிச்சுத் திங்கறதுக்கும் சந்தையில விக்கறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பெரிய வேறுபாடு உண்டு. காட்டில் ஒன்றையொன்று பார்க்காத விலங்குகளை விற்பனை இடத்தில் கூண்டின் மேல் கூண்டாக அடுக்குகிறார்கள். பயத்திலும் பட்டினியிலும் அவற்றின் எதிர்ப்புச் சக்தி குலைகிறது. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டில் விழுகிறது. ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குப் போய், மாறி, சுற்றி நிற்கும் மனிதருக்கு வருவதற்கு இதைவிட வாய்ப்பான இடம் அமையாது. 2002-03-ல் சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் தொடங்கிய சார்ஸ் என்னும் மூச்சு நோயின்போது, சந்தையில் விற்கப்பட்ட புனுகுப் பூனைகளிடம் அந்த வைரசு கண்டறியப்பட்டது. 8,000 பேருக்கு மேல் நோயுற்று, 774 பேர் இறந்தனர்.

கோவிட் எங்கிருந்து தொடங்கியது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் நோயுற்றவர்களில் பலர் உயிர் விலங்குகள் விற்ற வூகான் சந்தையோடு தொடர்புடையவர்கள். சீனம் 2020 பிப்ரவரியில் காட்டுவிலங்கு உண்பதைத் தடை செய்தது. 2021 ஏப்ரலில் உலகச் சுகாதார நிறுவனமும் உலக விலங்குச் சுகாதார அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து, காட்டிலிருந்து பிடித்த பாலூட்டிகளை உணவுச் சந்தைகளில் உயிரோடு விற்பதை நிறுத்தி வைக்குமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டன.

உப்புக்கண்டம் போட்டா? ஃப்ரிட்ஜுல வெச்சா?

குளிர்ப்பெட்டி கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. உப்பும் வெயிலும் சிலவற்றைக் கொல்லும், பலவற்றை விட்டுவிடும். அடைப்பான் வித்துகளை இவை எதுவும் ஒன்றும் செய்வதில்லை.

பன்னிக் காய்ச்சல் மனுசனுக்கு வராதுன்னு டாக்டரே சொன்னாரு. அப்பறம் காட்டுப்பன்னி தின்னா என்ன?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது. அவர் சொன்னது உண்மை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் வரிசையாக இறந்தது இந்த நோயால்தான். ஆனால் அந்த இறைச்சியின் ஒரு துண்டு, அதைக் கழுவிய நீர், வெட்டியவரின் செருப்பு ஆகியவை பன்றிப் பண்ணைக்குள் போனால், அங்குள்ள பன்றிகள் அனைத்தும் சாகும் வாய்ப்பு உண்டு. இதற்கு மருந்து கிடையாது. கடன் வாங்கிப் பண்ணை வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பிழைப்பு அதில் போய்விடும். தசைப்புழு, கல்லீரல் அழற்சி, புரூசெல்லா ஆகியவை காட்டுப்பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மொசலும் கவுதாரியும் காடு பூராக் கெடக்குது. ஒண்ணு ரெண்டு புடிச்சா அழிஞ்சா போயிரும்?

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்களை நினைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்கிறேன். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம் என்று அமைந்த அந்த நிலங்கள்தாம் முயலுக்கும் கவுதாரிக்கும் குள்ளநரிக்கும் உடும்புக்கும் வீடு. அவை எவ்வளவோ பரப்பில் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியவை தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கின்றன. ஒரு துண்டில் உள்ள முயல்களை நெற்றி விளக்கும் நாயும் கொண்டு சில இரவுகளில் துடைத்துவிட்டால், அங்கே புதிதாக வந்து சேர வேறு முயல்களுக்கு வழியில்லை, இடையில் சாலையும் குடியிருப்பும் இருக்கின்றன. வீட்டுத் தேவைக்குப் பிடிப்பவர் வயிறு நிறைந்ததும் நிறுத்துவார். விற்பனைக்குப் பிடிப்பவருக்கு அந்த அளவு கிடையாது.

முயல் போனால் அதைத் தின்னும் நரி ஆட்டுக்குட்டிப் பக்கம் திரும்பும். உடும்பு போனால் வயலில் எலி பெருகும். அலங்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். எறும்பும் கறையானுமே அதன் உணவு. அதன் செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் நடந்த வேட்டையால் அது இன்று அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது.

வைக்கும் பொறிகளுக்குக் கண் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. பழத்துக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் அதைக் கடிக்கிறது. தாடை பிளந்து வரும் மாட்டுக்கு எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.

பன்னி எங்க மக்காச்சோளத்த அழிக்குது. அதையும் புடிக்கக் கூடாதுன்னா நாங்க என்னதான் பண்றது?

இந்தக் குறை முழுக்க உண்மையானது. ஓர் இரவில் கூட்டமாக வந்து ஒரு போகத்தையே உழுதுவிட்டுப் போகும் பன்றியைப் பற்றி, அந்த இழப்பைத் தாங்காதவர்கள் அறிவுரை சொல்வது எளிது. தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உழவர் தானே சுடவோ அவுட்டுக்காய் வைக்கவோ அதில் இடமில்லை. சேதத்துக்கு இழப்பீடு கேட்டும், பன்றியைக் கட்டுப்படுத்தக் கேட்டும் ஊராட்சி வழியாக எழுத்தில் மனுக் கொடுங்கள். பலர் சேர்ந்து கொடுத்தால்தான் அசைவு இருக்கும். பன்றியைக் கட்டுப்படுத்துவது வேறு, அதன் இறைச்சியை விற்பது வேறு. விலை கிடைக்கத் தொடங்கினால், பயிரே இல்லாத இடத்திலும் பயிரைக் காக்க என்ற பெயரில் கம்பி கட்டுவார்கள்.

கோயில் நோம்பிக்கு மொசல் வேட்டைக்குப் போறது எங்க ஊரு வழக்கம். சாமி காரியத்துலயுமா சட்டம்?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் திருவிழாவுக்கு விலக்கு கிடையாது. வழக்கத்தை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை; ஊர் ஒன்றுகூடுவதும், கிழவரும் இளைஞரும் சேர்ந்து காடு சுற்றுவதும் அதில் உள்ள நல்ல பகுதிகள். சாமி வேட்டைக்குப் புறப்பட்டுத் திரும்பும் பரிவேட்டைச் சடங்கைப் பல கோயில்களில் எந்த உயிரையும் கொல்லாமலே முறையாக நடத்துகிறார்கள். அந்த வழியை உங்கள் ஊர்ப் பெரியவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

மலைவாழ் மக்களுக்கு மட்டும் அனுமதி உண்டா என்றும் கேட்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், கடுக்காய் போன்றவற்றைச் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது; வேட்டையாடும் உரிமையைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது.

பண்ணை மொசலுன்னு சொல்லி விக்கறாங்க. நெசந்தானான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

உயிரோடு பார்த்தால் எளிது. காட்டு முயல் மண்பழுப்பு நிறம், நீண்ட காது, ஒல்லியான நீளக் கால்கள், பிடரியில் கருப்புத் திட்டு என்று இருக்கும். கூண்டில் அமைதியாக இருக்காது. பண்ணை முயல் பெரும்பாலும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம், உருண்ட உடல். உரித்தபின் பார்த்தால், பண்ணை முயலின் இறைச்சி கோழியைப்போல வெளுத்திருக்கும். காட்டு முயலுடையது கருஞ்சிவப்பாக இருக்கும். காடையிலும் இதே ஏமாற்று உண்டு. தலையும் தோலும் நீக்கி, மசாலாவில் புரட்டி வைத்ததை வாங்காதீர்கள். பண்ணையின் பெயரையும் இடத்தையும் சொல்ல மறுப்பவரிடமும் வாங்காதீர்கள்.

புடிச்சவன் மேலதான கேஸு? வாங்கித் தின்னவனுக்கு என்ன?

வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு, உடும்பு, அலங்கு, மயில் போன்ற முதல் அட்டவணை விலங்குகள் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. மற்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். வேட்டைக்குப் பயன்பட்ட வண்டியும் அரசுக்குப் போய்விடும். உங்களிடம் இறைச்சி இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள். ‘ஆட்டுக்கறிதான்’ என்று சொல்லித் தப்ப முடியாது. சமைத்த துண்டிலிருந்தும் மரபணுச் சோதனையில் எந்த விலங்கு என்று கண்டுபிடிக்கலாம். உணவகத்தில் சமைத்துப் பரிமாறுபவருக்கும் இதே நிலைதான்.

தெரியாம தின்னுட்டேன், உரிச்சும் குடுத்தேன். இப்பக் காய்ச்சல் அடிக்குது. டாக்டர்கிட்டச் சொன்னா போலீசுக்குச் சொல்லீருவாரோ?

மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவருக்கு உங்களைக் குணப்படுத்துவதே வேலை. எதைத் தொட்டீர்கள் என்று தெரியாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிச் சோதனை செய்யாமல் விட்டுவிடுவார். எந்த விலங்கு, எந்த நாள், உரித்தீர்களா உண்டீர்களா, கையில் காயம் இருந்ததா, உண்ணி கடித்ததா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். அறிகுறிகள் சில நாள்களிலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

கையில் வலியில்லாத புண் தோன்றி நடுவில் கருப்பாகப் பொருக்கு விழுந்தால் அடைப்பானாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பமான பேச்சு, ஈறில் இரத்தம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் இறைச்சி மீதி இருந்தால் நாய்க்கும் பன்றிக்கும் போடாதீர்கள். உங்களோடு சேர்ந்து உரித்தவர்கள், அரிந்தவர்கள் பெயரையும் மருத்துவரிடம் சொல்லி, அவர்களையும் அழைத்து வந்து காட்டுங்கள்.